பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்குது?

1/ வீட்டுக்குக் கதவு மாத்தப் போறீங்களா? தேக்கா, வேம்பா, ஃப்ளஷ் டோரான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. உங்க பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்குது? டாக்டருக்கு எதுக்கு இந்த ஆசாரி வேலைன்னு தோணும். கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/ போன மழைக்காலம், நைட் டூட்டி. ஒரு பெரியவரைத் தூக்கிட்டு வந்தாங்க. (ஆள் அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) சிறுநீர் கழிக்க எழுந்து போனவர் பாத்ரூமிலேயே விழுந்திருக்கார். வலது கை, கால் அசையல. பக்கவாதம்.

3/ மகன் சொன்னது: "சத்தம் கேட்ட உடனே ஓடினோம் சார். தாழ்ப்பாளை உடைச்சிட்டோம். ஆனா கதவு நகரல. அப்பா கதவுக்குப் பின்னாடியே கிடந்தார்." ஓங்கித் தள்ளினா அவர் தலையில இடிக்கும். கடைசியில ஜன்னல் கம்பியை அறுத்து ஒரு பையனை உள்ளே இறக்கியிருக்காங்க. இதுக்கே முக்கால் மணி நேரம்.

4/ ரத்தக்குழாய் அடைப்பால வர்ற பக்கவாதத்துக்கு, உறைஞ்ச ரத்தத்தைக் கரைக்கிற ஊசி இருக்கு. அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும். அதுவும் சிடி ஸ்கேன் பார்த்த பிறகுதான். முதல்ல சுகர் இறங்கியிருக்கும்னு வீட்டிலேயே காத்திருந்தாங்க, அப்புறம் வண்டி தேடினாங்க. நாங்க 108-ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஸ்கேன் முடியறப்போ 4.5 மணி நேரம் தாண்டி 20 நிமிஷம். அந்தக் கதவு தின்னது 45 நிமிஷம். கணக்கை நீங்களே போட்டுக்கோங்க.

5/ பாத்ரூம்ல ஏன் விழறாங்க? பி.பி. மாத்திரை, ப்ராஸ்டேட் மாத்திரை சாப்பிடறவங்க படுக்கையிலிருந்து சட்டுனு எழுந்தா ரத்த அழுத்தம் இறங்கலாம். நின்னபடி சிறுநீர் கழிக்கும்போதும் இறங்கும். கீழே ஈரத்தரை. உலக அளவில் கீழே விழுந்து சாகிறவங்க வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர்னு சொல்லுது உலக சுகாதார நிறுவனம். அதிகம் 60 வயசு தாண்டினவங்கதான்.

6/ அந்த வாரம்தான் சிங்காரப்பேட்டையில எங்க வீட்டுக்கும் ஆசாரி வந்தார். மழையில ஊறி வாசல் கதவு மூட மாட்டேங்குது, பாத்ரூம் கதவு அடிப்பக்கம் உளுத்துப் போச்சு. அப்பாவுக்கு 71 வயசு. மேலே சொன்ன ரெண்டு மாத்திரையும் சாப்பிடறார். பாத்ரூம் கதவை வெளியே திறக்கிற மாதிரி வைக்கலாம்னேன். "ஹால்ல போறவங்க மேல இடிக்கும்டா. எவன் வீட்டுல அப்படி வச்சிருக்கான்?"

7/ நான் பேசல. உள்ளே போய்த் தரையில படுத்துக்கிட்டு, "இப்போ தெறங்கப்பா"ன்னேன். கதவு நாலு விரல் அளவு திறந்து என் இடுப்புல முட்டி நின்னுச்சு. அப்பா தள்ளினார். மறுபடி தள்ளினார். அப்புறம் நிறுத்திட்டார். "எந்திரிடா" மட்டும்தான் சொன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு ஆசாரிகிட்ட, "வெளியே தெறக்கற மாதிரியே போட்டுடுங்க."

8/ நாங்க செஞ்சது:
• வெளியே திறக்கிற புது நிலை. கீலும் வெளிப்பக்கம். அவசரத்துக்குக் கீல் ஊசியைத் தட்டிக் கதவையே கழட்டலாம்.
• தாழ்ப்பாளுக்குப் பதிலா, வெளியிலிருந்து காசு வச்சுத் திருப்பித் திறக்கிற பூட்டு.
• பழைய கதவு இரண்டே கால் அடி. வீல்சேர் நுழையாது. மத்திய அரசின் 2021 வழிகாட்டி 900 மி.மீ. இடைவெளி கேட்குது, ஏறக்குறைய 3 அடி. எங்க சுவர் இரண்டே முக்கால்தான் விட்டுச்சு. வீல்சேருக்கு அது போதும்.

9/ வாடகை வீடா? கதவை மாத்த முடியாதா? வயசானவங்க உள்ளே தாழ் போட வேண்டாம், சாத்தினா போதும்னு பேசி வச்சுக்கோங்க. ராத்திரி எழறப்போ ஒரு நிமிஷம் கட்டில்ல உட்கார்ந்துட்டு எழணும். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கலாம்.

10/ வாசல் கதவுக்கு என்ன மரம் வேணா போடுங்க. ஆனா இன்னைக்கு ஒரு தடவை உங்க பாத்ரூம் தரையில படுத்துப் பாருங்க. வீட்டுல யாரையாவது கதவைத் திறக்கச் சொல்லுங்க.