பார்க்காமல் வரைந்த முகங்கள்

வேலூர்க் கோட்டைக்குள் திப்பு மகால் என்றொரு கட்டடம் உண்டு. சிறு வயதில் அந்தப் பக்கம் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அங்கே காவலில் இருந்தவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. விலங்கியல் முதுகலை படிக்க மைசூருக்கு வந்த பிறகே அந்த எண்ணம் பிறந்தது.

1792-இல் திப்புவின் மைந்தர் இருவரைக் காரன்வாலிஸ் பிணையாகப் பெற்றுச் சென்னைக்கு அனுப்பினார். (1781-இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் சரணடைந்தாரே, அதே காரன்வாலிஸ்தான்!) இக்காட்சியை இலண்டனில் தீட்டியவர் பாஸ்டனில் பிறந்த மேதர் பிரவுன். டேனியல் ஆர்ம் அதைச் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். நூலகத்துப் புத்தகமொன்றில் அந்தப் படத்தைக் கண்டேன். ஆங்கிலக் குழந்தைகளுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டாற்போல் இருந்தது! பிரவுன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

செம்புத் தகட்டில் செதுக்கிய கோடுகளில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்துவார்கள். தகட்டின் இடப்புறம் காகிதத்தில் வலப்புறமாகும். நுண்ணோக்கியோடு பழகிய நமக்கு இது புதிதல்ல. அங்கும் இடம் வலமாகத்தான் தெரியும். அந்த மாற்றத்தைக் கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளலாம். கண்ணே காணாததை எப்படித் திருத்துவது?

அதே பத்தாண்டில் அமெரிக்காவில் செயின்ட் மெமின் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு கருவியால் பக்கவாட்டு முகத்தின் கோட்டைப் பிடித்து, சிறிதாக்கிச் செம்பில் இறக்கினார். எதிரே ஆள் உட்கார்ந்தால்தான் அவருக்குப் படம்.

சென்ற மாதம் நண்பர்களோடு சீரங்கப்பட்டணம் சென்று தரியா தௌலத் மாளிகையில் தாமஸ் ஹிக்கியின் பென்சில் ஓவியங்களைப் பார்த்தேன். 1799-இல் கோட்டை வீழ்ந்த பிறகு திப்புவின் மைந்தர்களை அவர் நேரில் கண்டு வரைந்தார். தந்தையைப் பறிகொடுத்த பிள்ளைகள், வென்றவர்களின் ஓவியர் முன்னே அமர்ந்திருக்கிறார்கள்! நெடுநேரம் நின்றுவிட்டேன். வேலூருக்குப் போன முகங்கள் இவை. பிரவுன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஆனால் அன்றிரவு அறையில் என் செய்முறைக் குறிப்பேடு என்னைப் பார்த்துச் சிரித்தது. எலிக் குடலின் வெட்டை நானும் கண்ணால் பார்த்து வரையவில்லை; மூத்த மாணவர் ஒருவரின் ஏட்டைப் பார்த்து வரைந்திருந்தேன். என் ஸ்லைடில் வெட்டு ஒரு பக்கம் கிழிந்திருக்கும். ஏட்டிலோ வட்டம் முழுமையாய், அழகாய் இருந்தது. ஆசிரியர் அதற்குக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

மறுநாள் ஸ்லைடை மீண்டும் நுண்ணோக்கியில் வைத்து, கிழிசலோடு வரைந்து அவரிடம் நீட்டினேன். முந்திய கையெழுத்தை அடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் புதிய படத்தின் கீழே தேதியிட்டார்.