சிறுதேர் உருட்டும் வயது

என் இளைய மகனுக்கு நான்கு வயது. மழலையர் பள்ளியின் நாட்குறிப்பில் ஒருநாள், ‘ஓரிடத்தில் அமர்வதில்லை’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். ஆசிரியன் வீட்டுப் பிள்ளைக்கு இப்படியொரு பெயரா என்னும் மான உணர்ச்சி எனக்கு. அன்றுமுதல் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் சிலேட்டும் கையுமாக அவனை அமர்த்தி வைத்தேன். எழ முயன்றால் அதட்டினேன். ஒருமுறை அடித்தும் விட்டேன். “இது உட்கார்ந்து எழுதுகிற வயதா?” என்று அவன் உம்மா கேட்டதற்கு நான் செவிசாய்க்கவில்லை.

அவ்வாரம் இளங்கலை வகுப்பில் பிள்ளைத்தமிழ் நடத்த வேண்டியிருந்தது. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, ஐந்தாம் திங்களில் குழந்தை தலைநிமிர்ந்து அசையும் செங்கீரையை விளக்கினேன். பின்னர் சப்பாணி கொட்டுதல், தளர்நடையிட்டு வருதல், சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்குதல், சிறுதேர் உருட்டுதல். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஆறில் குழந்தை கையாலோ காலாலோ இயங்கிக்கொண்டேயிருக்கிறது. பெண்பாலிலும் ஊசலும் அம்மானையும் உண்டு. இருபது ஆண்டுகளாக நடத்திவரும் பாடந்தான். அன்று சொல்லிக்கொண்டிருக்கையிலேயே நா தடுமாறியது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிமுறை, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடங்களேனும் உடலசைவில் ஈடுபட வேண்டும் என்கிறது. அதில் 60 நிமிடங்களேனும் மூச்சிரைக்கும் ஓட்டமும் ஆட்டமுமாக இருத்தல் வேண்டுமாம். தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போட்டாற்போல் அமர்த்தலாகாது என்றும் கூறுகிறது. என் மகனின் நாளைக் கணக்கிட்டேன். வேன், வகுப்பு, உறக்கம், சிலேட்டு எனக் கழித்தால் அரைமணி கூட மிஞ்சவில்லை. மாடியில் வாடகை வீடு, முற்றம் கிடையாது.

அன்று மஃரிபை வீட்டில் தொழுதேன். சஜ்தாவில் இருக்கும்போது முதுகில் ஏறிக்கொண்டான். முன்பெல்லாம் இதற்கும் அதட்டியிருக்கிறேன். பேரக்குழந்தை முதுகில் ஏறியதால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சஜ்தாவை நீட்டித்த செய்தி நஸயீயில் இருப்பதை அறியாதவனல்லன் நான். அவனாக இறங்கும்வரை தலை தூக்கவில்லை.

மறுநாள் மாலை சிலேட்டை எடுக்காமல் அவனைப் பள்ளிவாசல் திடலுக்கு அழைத்துச் சென்றேன். நுங்குக் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பு வைத்து வண்டி செய்து கொடுத்தேன். என் வாப்பா எனக்குச் செய்து தந்தது போலவே. மூன்று முறை விழுந்தான், முழங்கால் சிராய்த்தது. அழவில்லை.

பள்ளியிலிருந்து மீண்டும் அதே குறிப்பு வந்தது. ஒப்பமிட்டு அனுப்பிவிட்டேன்.