நின்ற இடத்தில் ஓடும் மிதிவண்டி

மனிதனின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் துடிப்பு. அதற்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. தீபாவளி விடுமுறையும் இல்லை. இவ்வளவு உழைக்கும் உறுப்பை நாம் நினைத்துப் பார்ப்பது அது முரண்டு பிடிக்கும் நாளில்தான். அச்சு இயந்திரத்துக்கு நாள் தவறாமல் எண்ணெய் விடும் நம் ஊர்க்காரர்கள், இதயத்துக்கு என்ன செய்கிறோம் என்று கேட்டுக் கொள்வதில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியோடு வந்து சேர்ந்தது ஓர் உடற்பயிற்சி மிதிவண்டி. அதைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நண்பர்கள் பலர் வீட்டிலும் இதற்குத் தேவை வரக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் காலந்தொட்டுச் சிவகாசி உழைப்புக்குப் பெயர் பெற்ற ஊர். ஆயினும் உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு என்பதை என் பெற்றோரைப் பார்த்தே அறிந்தேன். அப்பா ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். இளமையில் திருத்தங்கலிலிருந்து சிவகாசிக்கு நாள்தோறும் மிதிவண்டியில் வந்து போனவர். பிறகு மொபெட் வந்தது, மிதிப்பது நின்றது. அம்மா பட்டாசு ஆபீசில் சரம் பின்னுகிறார். காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பார். விரல்கள் ஓய்வதில்லை, கால்களுக்கோ வேலையே இல்லை.

அப்பாவுக்கு 52 வயதில் நெஞ்சுவலி வந்தது. உயிர் பிழைத்து வீடு திரும்பியபோது, "மெதுவாக நடங்கள், அல்லது மிதிவண்டி மிதியுங்கள்" என்றார் மருத்துவர். எங்கள் தெருவைத் தாண்டினால் லாரிகள் ஓயாத சாலை. பங்குனி பிறந்துவிட்டால் காலை எட்டு மணிக்கே கரிசல் மண்ணின் வெக்கை முகத்தில் அடிக்கும். எனவே பழைய பொருள் கடையில் ஒரு வண்டி வாங்கினோம். அதன் கைப்பிடியில் இரண்டு உலோகத் தகடுகள். எதிரே சிறு திரை. தகடுகளைப் பிடித்தால் இதயத் துடிப்பு எண்ணாகத் தெரியும். விளக்கப் புத்தகம் மட்டும் கிடைக்கவில்லை.

இயற்பியல் மாணவனான எனக்கு அதுவே நூலகம் செல்லக் காரணமாயிற்று. நின்ற இடத்தில் மிதிக்கும் வண்டி புதிதன்று. டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக், உடல் செய்யும் வேலையை அளப்பதற்காக 1913ஆம் ஆண்டிலேயே அத்தகைய மிதிவண்டி ஒன்றை உருவாக்கினார். அவருக்கு 1920இல் நோபல் பரிசு கிடைத்தது வேறோர் ஆய்வுக்காக. இதயத்தின் மின்குறியைத் துல்லியமாகப் பதிவு செய்து 1924இல் அதே பரிசைப் பெற்றவர் நெதர்லாந்தின் ஐந்தோவன். அவருடைய ஆய்வுக்கு வந்தவர்கள் இரு கைகளையும் ஒரு காலையும் உப்பு நீர்ப் பாத்திரங்களில் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம்! உலர்ந்த தோல் மின்சாரத்தை எளிதில் விடாது. உப்பு நீர் விடும். எங்கள் வண்டிக் கைப்பிடியின் தத்துவமும் அதுவே.

முதல் நாள் அப்பா பெடலில் கால் வைத்தவுடனேயே திரை 178 என்று காட்டியது. அம்மா அலறிவிட்டார். அப்பாவோ சாவகாசமாகச் சிரித்துக் கொண்டிருந்தார். மணிக்கட்டில் விரல் வைத்து, கடிகாரம் பார்த்து எண்ணினேன், 80கூட இல்லை. இதயம் கைகளில் எழுப்பும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு வோல்ட்தான். பிடியை இறுக்கினால் கைத்தசைகளின் மின்குறியும் அதனோடு கலந்துவிடுகிறது. உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து, தகட்டை ஈரத்துணியால் துடைத்து, குருவியைப் பிடிப்பது போல் மெல்லப் பிடித்தால் எண் ஒழுங்குக்கு வருகிறது. மார்பில் கட்டும் பட்டை இதைவிட நம்பகமானது. பின்லாந்தில் 1982இல் கம்பியில்லாமல் இயங்கும் அத்தகைய கருவி விற்பனைக்கு வந்தது.

வண்டியைப் பேணும் முறையை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அப்பா. வியர்வையில் உப்பு உண்டு. துடைக்காவிட்டால் துரு ஏறும். எனவே மிதித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்போம். மாதம் ஒரு முறை கிராங்கையும் பெடலையும் ஸ்பேனரால் சரிபார்ப்போம். இடது பெடலின் மரை மட்டும் எதிர்த்திசையில் சுற்றும். தெரியாமல் பலங்கொண்டு திருகினால் மரை தேய்ந்துவிடும். எங்கள் வண்டி காந்தத் தடை கொண்டது. காந்தம் நெருங்க நெருங்கச் சுழல் மின்னோட்டம் கூடி மிதிப்பது கனமாகும். உராய்வு இல்லாததால் தேய்மானமும் இல்லை. உராயும் பட்டை வைத்த வண்டியானால் அந்தப் பட்டையில் எண்ணெய் படவே கூடாது. திரைக்கு இரண்டு பென்சில் பேட்டரி போதும். மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. வெளியூர் போகும்போது பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கசிந்தால் திரை பாழ். சீட்டின் உயரமும் முக்கியம். கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கும், வலிக்காது.

ஒரு நாள் வண்டியில் 'டக் டக்' என்று ஓசை கேட்டது. திரையில் வேகம், தூரம் எல்லாம் சரியாகவே இருந்தன. அப்பா உடனே நிறுத்தச் சொன்னார். "மீட்டர் பொய் சொல்லும் தம்பி, சத்தம் பொய் சொல்லாது" என்றார். பார்த்தால் கிராங்க் போல்ட் தளர்ந்திருந்தது. அச்சு மெஷினோடு வாழ்ந்தவரின் அனுபவ வாக்கு அது.

வண்டியில் ஒட்டியிருந்த அட்டவணை, 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் இத்தனை விழுக்காடு வரை துடிப்பு இருக்கலாம் என்று கூறியது. அப்பாவுக்கு 168 வந்தது. அதில் பாதி முதல் 70 விழுக்காடு வரை, அதாவது 84 முதல் 118 வரை, பச்சை வட்டம். மருத்துவர் அதைக் கேட்டுத் தலையசைத்து மறுத்தார். "அது பொதுவான சராசரி. அப்பா சாப்பிடும் பீட்டா தடுப்பு மாத்திரை துடிப்பை ஏற விடாது. மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுதான் அவருக்கு அளவு. நெஞ்சில் எது தோன்றினாலும் நிறுத்திவிடுங்கள்" என்றார்.

ஆறாம் மாதம் அந்தச் சொல்லுக்குச் சோதனை வந்தது. விடியற்காலை, வெயில் இல்லை, தடை எப்போதும் போல் குறைவு. திரை 96 காட்டியது. பச்சை வட்டத்தின் நடுவிலே நல்ல எண். ஆனால் அப்பாவின் பேச்சு நின்றிருந்தது. நெற்றியில் குளிர்ந்த வியர்வை. "இடது தோள் இழுக்குது தம்பி" என்றார். வண்டியை நிறுத்தினேன். அவரைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்துவிட்டு 108ஐ அழைத்தோம். மீண்டும் ஓர் அடைப்பு. அன்றே சிகிச்சை நடந்தது. "திரையில் எண் நன்றாக இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாமல் வந்தீர்களே, அது போதும்" என்றார் மருத்துவர். இப்போது அப்பா மருத்துவரின் மறு அனுமதியோடு, முன்னிலும் மெதுவாக மிதிக்கிறார்.

இந்த வண்டியால் வேறொரு நன்மையும் விளைந்தது. 1991இல் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்ததை நாம் அறிவோம். அந்த அலை என் அம்மாவைத் தொடவில்லை. மிதிவண்டி ஏறாமலே நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர், ஒரு நாள் மாலை யாரும் பார்க்காத நேரத்தில் சேலையைச் செருகிக் கொண்டு ஏறி உட்கார்ந்தார். "இதுல விழ மாட்டேன்லய்யா?" என்று கேட்டார். இன்று இருபது நிமிடம் மிதிக்கிறார். சரம் பின்னி மரத்துப் போன கால்கள் லேசாகிவிட்டன என்கிறார். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வாரக் கடைசியில் அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்து, மீதியை ஞாயிற்றுக்கிழமை தீர்க்கிறார்.

நண்பர்களே, அளவு கருவிகள் பெருகிவிட்ட காலம் இது. கைக்கடிகாரமே துடிப்பைச் சொல்கிறது. அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. அவை சொல்வதைக் கேட்போம். ஆனால் எண் ஒரு சாட்சிதான், நீதிபதியன்று. வீட்டில் வயதானவர் மிதிக்கையில் திரையைப் பார்ப்பவர் ஒருவர் இருந்தால், முகத்தைப் பார்ப்பவரும் ஒருவர் இருக்கட்டும். மாத்திரை சாப்பிடுபவருக்கு உரிய அளவை அவருடைய மருத்துவரே சொல்லட்டும். இயந்திரத்தைத் துடைத்து வைப்போம். மனிதரைக் கவனித்து வைப்போம்.