பழுது நீக்கும் கையின் பற்று

முதுகில் சுமையேற்றி நாள்கணக்கில் மலைகளில் நடப்போர், தம் பழைய கருவிகளை விட மனமின்றி வைத்திருப்பதை, கழிந்துபோன இளமைக்கு ஏங்கும் மனத்தின் தளர்ச்சி என்று அண்மைக்காலத்தில் பலரும் எளிதாக எழுதிவிடுகின்றனர். விற்பனையாளர்கள் அந்த ஏக்கத்தையே சரக்காக்கி, பழைய தோற்றம் கொண்ட புதிய பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவருகின்றனர். சேகரிப்பாளர்களோ கண்ணாடி அலமாரியில் அடுக்கிவைப்பதையே பாதுகாப்பு என்று கருதுகின்றனர். இக்கருவிகளைப் பிரித்து, தேய்ந்த உறுப்பை மாற்றி, மீண்டும் மலைக்கு அனுப்பிவருவதையே தொழிலாகக் கொண்டோருக்கு இப்போக்குகள் யாவும் நெடுங்காலமாக உறுத்தலாக இருந்துவருகின்றன. ஒரு கருவியின் மீதான பற்று, அதனோடு சென்றுவந்த இடங்களின் நினைவில் தொடங்கலாம் என்றாலும், கெட்டுப்போன வேளையில் அதைத் திறந்து பார்த்து, அதன் உள்ளமைப்பை அறிந்து, கையாலேயே சீராக்கிய அனுபவம்தான் அதை நிலைக்கச் செய்கிறது என்பது இத்தொழிலில் ஊறியவர்களின் உறுதியான கருத்து.

இக்கருத்துக்கு முதற்சான்றாக வெளிச்சட்டக முதுகுப்பை, அதாவது துணிப்பையை முதுகுப்புறமுள்ள ஓர் உலோகச் சட்டத்தில் பூட்டிச் சுமக்கும் அமைப்பு, அமைகிறது. கலிபோர்னியாவின் கிளென்டேல் நகரில் டிக் கெல்ட்டி 1952-இல் விற்கத் தொடங்கிய பைகள், பற்றவைத்த அலுமினியக் குழாய்ச் சட்டமும் நைலான் பையும் கொண்டவை. சுமையின் பெரும்பங்கைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்கும் இடுப்புப்பட்டை பரவலானதில் இப்பைகளுக்குப் பெரும் பங்குண்டு. கிளெவிஸ் முளை எனப்படும் சிறு உலோக ஊசிகளும், அவற்றின் துளையில் செருகப்படும் கம்பி வளையங்களுமே பையைச் சட்டத்தோடு இணைப்பதால், அறுந்த தோள்பட்டையை மட்டும் கழற்றி மாற்றிவிட்டு அன்றைய நடையைத் தொடர முடியும். 1967-இல் கிரெக் லோ உருவாக்கிய பையில் சட்டம் உள்ளே மறைந்தது. அது உடலோடு ஒட்டிநின்று பாறையேறுவோருக்கு உண்மையான நன்மை செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் வழிவந்த பல பைகளில் பட்டை, முதுகுமெத்தை, பை ஆகிய மூன்றும் ஒரே தையலுக்குள் அடங்கிவிட்டமையால், ஒன்று கெட்டால் மூன்றையும் பிரித்தாக வேண்டிய நிலை உருவாயிற்று.

காலணிகளின் கதையும் இதுவே. 1935-இல் இத்தாலிய எல்லையிலுள்ள ராசிகா சிகரத்தில் ஏறச்சென்ற ஆறுபேர் உயிரிழந்ததைக் கண்ட மலையேறி விட்டாலே பிரமானி, மலைக்குப் போதிய பிடிப்பும் காப்பும் தராத பழைய அடித்தோல்களுக்கு மாற்றாக ரப்பர் அடிப்பாகத்தை உருவாக்கினார். 1937-இல் காப்புரிமை பெற்ற அந்த அடிப்பாகமே அவர் பெயரின் எழுத்துகளைத் தாங்கிய விப்ரம் ஆகும். காலணியின் மேல்தோலை வெளிப்புறமாக மடித்து, அடித்தோலோடு கண்ணுக்குத் தெரியும்படி தைக்கும் நார்வே முறைத் தையலோடு இந்த ரப்பர் சேர்ந்தபோது, தேய்ந்த அடிப்பாகத்தை உரித்துப் புதியதை ஒட்டித் தைத்து மீண்டும் நடக்கத்தக்க காலணி கிடைத்தது. இன்றைய காலணிகள் பலவற்றின் நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றின் ஈரம் அந்நுரையின் மூலக்கூற்றுப் பிணைப்புகளை மெல்லமெல்ல அறுத்துவிடுகிறது. நீராற்பகுப்பு எனப்படும் இச்செயலால், பெட்டியை விட்டு வெளியே எடுக்கப்படாத காலணிகூடச் சில ஆண்டுகளில் உதிர்ந்துபோகும். பயன்படுத்தாமல் வைத்தாலே அழியும் பொருளைப் பயன்படுத்துவோர் பேணக் கற்றுக்கொள்வதில்லை. பேணாத பொருளின் மீது பற்று வளர்வதுமில்லை.

எனினும் பற்றும் பழுதுநீக்கமும் எவ்வளவு நெருங்கியவை என்பதை முழுமையாக உணர்த்துவது பித்தளை அழுத்த அடுப்பே. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் எரிவாயு உருளை பரவுவதற்கு முன் பம்ப் ஸ்டவ் என்று வழங்கிய அடுப்பும், கர்வால் மற்றும் நேபாள மலைப்பாதைகளில் சமையற்காரர்கள் சுமந்துசென்ற அடுப்பும், துருவப் பயணிகளின் அடுப்பும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஸ்டாக்ஹோமில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் 1892-இல் உருவாக்கிய பிரைமஸ், திரியில்லாமல் மண்ணெண்ணெயை ஆவியாக்கிப் புகைக்கரி படியாத நீலச்சுடராக எரித்தது. 1895-இல் நான்சென் தம் துணைவருடன் வடதுருவத்தை நோக்கிப் பனிச்சறுக்குவண்டிகளில் சென்றபோதும், 1911-இல் அமுண்ட்சென் தென்துருவத்தை அடைந்தபோதும், 1953-இல் எவரெஸ்ட்டின் உச்சியை டென்சிங்கும் ஹிலாரியும் தொட்ட பயணத்திலும் பனியை உருக்கிக் குடிநீராக்கியது பிரைமஸ்தான்.

இதன் இயக்கம் எளிய விதிகளால் ஆனது. பர்னருக்குக் கீழேயுள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட்டை எரித்துப் பர்னரைச் சூடாக்கிய பின் பம்ப் அடித்தால், தொட்டியில் சேரும் காற்றழுத்தம் மண்ணெண்ணெயை மேலே தள்ளுகிறது; அது சூடேறிய குழாய்களில் ஆவியாகி, நிப்பிள் எனப்படும் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் துளை வழியே பீறிட்டு, காற்றோடு கலந்து எரிகிறது. அத்துளையில் கரி அடைத்தால் பின் எனப்படும், மெல்லிய கம்பி பொருத்திய தகட்டு ஊசியால் குத்திவிடுவது, பர்னரும் எழுகுழாயும் சேரும் இடத்தில் ஈயவளையத்தை மாற்றுவது, பம்ப் தண்டின் நுனியிலுள்ள கிண்ணவடிவத் தோல் வாஷரை எண்ணெயில் ஊறவைத்து விரித்துவிடுவது ஆகியவை இத்தொழிலில் அரிச்சுவடி என்பதால் இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

விரித்துரைக்க வேண்டியது ஒருவழி வால்வு பற்றியே. பம்ப் குழாயின் அடியாழத்தில், வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாத இடத்தில், திருகு மரை வெட்டிய சிறு பித்தளைக் குமிழ் ஒன்று உண்டு. அதற்குள் ஒரு நுண்சுருள்வில்லும், அதன் தலையில் மிளகளவு தக்கையோ ரப்பரோ இருக்கும். பம்ப் அடிக்கையில் காற்று இத்தக்கையைத் தள்ளிக்கொண்டு தொட்டிக்குள் போகும். அடி நின்றதும் வில்லும் தொட்டியின் அழுத்தமும் சேர்ந்து வழியை அடைத்துவிடும். இத்தக்கை இறுகிப்போனால் தொட்டியின் அழுத்தம் பின்வாங்கி, பம்ப் தண்டு தானாகவே மேலெழும். பிறகு மண்ணெண்ணெயும் பம்ப் குழாய் வழியே கசிந்து, எரியும் அடுப்பின் பக்கவாட்டில் வழியும். அழுத்த அடுப்பைப் பற்றி மக்கள் மனத்தில் இன்றளவும் இருக்கும் அச்சத்திற்கு, பேணப்படாத இந்தச் சிற்றுறுப்பும் ஒரு காரணம்.

பல பத்தாண்டுகள் தொடப்படாத வால்வைக் கழற்றுவது, கைப்பழக்கம் முழுவதையும் சோதிக்கும் வேலை. நீண்ட தண்டும், குமிழின் தலைக்கு அளவாக வெட்டிய வாயும் கொண்ட தனி ஸ்பேனர் இன்றி இதைத் தொடவே கூடாது. குமிழோ மரையோடு ஒட்டி உறைந்திருக்கும். பம்ப் குழாயோ மெல்லிய பித்தளையாலானது, தொட்டியோடு ஈயப்பற்றினால் மட்டுமே சேர்க்கப்பட்டது. வலிமையை மிகுதியாகச் செலுத்தினால் குமிழின் தலை மழுங்கிவிடும். அதற்கும் மேல் முறுக்கினால் குழாயே திருகிக்கொண்டு பற்று கிழிந்துவிடும். தீச்சுடரைக் காட்டி இளக்கலாம் என்போர், வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று ஏறத்தாழ 183 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும் என்பதை அறியாதவர்கள். எண்ணெயாவி எஞ்சிய தொட்டியருகே சுடரைக் கொண்டுசெல்வதன் ஆபத்தைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இதற்குரிய முறை பொறுமையால் ஆனது. தொட்டியை முற்றிலும் வடித்து உலரவிட்ட பின், ஊடுருவும் எண்ணெயைப் பம்ப் குழாயில் சில துளிகள் விட்டு, நாள்கணக்கில் நிமிர்த்தி வைக்க வேண்டும்; பிறகு தொட்டியைச் சூடான நீரில் இருத்தி, உலோகம் சீராக விரிய இடமளித்து, ஸ்பேனரைக் குமிழின் தலையில் முழுமையாக அமர்த்தி, உடலின் எடையால் கீழ்நோக்கி அழுத்தியபடி, முதலில் இறுக்கும் திசையில் மயிரிழையளவு அசைத்து, அதன் பிறகே கழற்றும் திசையில் குறுகிய வெட்டாகத் திருப்ப வேண்டும். இறுக்கும் திசையில் அசைப்பது உறைந்த மரையின் பிடியை உடைப்பதற்காகவே. இந்த ஒரு நுட்பத்தை அறியாமையால் அழிந்த தொட்டிகள் பல. அசையாவிட்டால் எண்ணெயும் சூடும் காத்திருப்பும் மறுபடி தொடங்க வேண்டுமே தவிர, பிடியின் வலிமையைக் கூட்டக் கூடாது. கழன்ற குமிழில் எண்ணெயைத் தாங்கும் ரப்பரால் வெட்டிய புதிய தக்கையும் புதிய வாஷரும் வைத்துப் பூட்டி, தொட்டியில் காற்றேற்றி நீருக்குள் அமிழ்த்தும்போது ஒரு குமிழியும் எழாதிருந்தால்தான் வேலை முடிந்ததாகும். இவ்வாறு மீட்கப்பட்ட அடுப்பு மறுபடி இரைந்து எரியும்போது, அதை மீட்டவருக்கு அதன் மீது உண்டாகும் உரிமையுணர்வை ஏக்கம் என்று பெயரிட்டு ஒதுக்குவது அறியாமையே ஆகும்.

இத்தகைய உழைப்பால் காக்கப்படும் பொருளை மெருகேற்றுவோர் அழிக்கின்றனர் என்பது இத்தொழிலின் மிகப் பெரிய மனக்குறை. பித்தளைத் தகட்டை அழுத்தி வளைத்துத் தொட்டியாக்கும்போது உலோகத்துக்குள் ஒரு தகைவு, அதாவது வெளியே தெரியாத உள்ளிழுவிசை, தங்கிவிடுகிறது. அந்நிலையிலுள்ள பித்தளையின் மீது ஈரமும் அமோனியாவும் சேர்ந்து படிந்தால், துகளெல்லைகளின் வழியே மயிரிழை வெடிப்புகள் ஓடும்; உலோகவியலில் இதற்குப் பருவ வெடிப்பு என்று பெயர். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்த பித்தளைத் தோட்டா உறைகள், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவால் வெடித்துப்போனமை இதற்குப் பாடநூல்கள் தரும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இவ்வளவு தெளிவாக அறியப்பட்ட உண்மையைப் பொருட்படுத்தாமல், அமோனியா கலந்த மெருகுப்பசையால் பழைய தொட்டிகளை முகம் தெரியத் தேய்த்து, ஓரங்களில் பசை தேங்கிநிற்க அப்படியே அலமாரியில் ஏற்றிவிடுகின்றனர். சில காலத்துக்குப் பின் தொட்டியின் அடிவளைவில் வெடிப்பு தோன்றும்போது, அது முதுமையால் விளைந்தது என்று கூறிவிடுகின்றனர். பித்தளையின் பழுப்புநிறப் படலத்தை அழுக்கு என்று எண்ணிச் சுரண்டுவோர், செய்தவரின் முத்திரையையும் ஆண்டுக்குறியையும் சேர்த்தே தேய்த்துவிடுகின்றனர்.

இளையோரின் குறுக்குவழிகளும் கவலைக்குரியவையே. தோல் வாஷருக்கு எண்ணெயிடும் சோம்பலால் கிடைத்த ரப்பர் வளையத்தைத் திணிப்பதும், ஈயவளையத்துக்கு மாற்றாகப் பசையைப் பூசுவதும், தைக்க வேண்டிய அடிப்பாகத்தை ஒட்டிமட்டும் அனுப்புவதும் வழக்கமாகிவருகின்றன. இவற்றைவிடக் கொடியது, பெட்ரோல் அடுப்புக்கும் மண்ணெண்ணெய் அடுப்புக்கும் வேறுபாடு அறியாமல் எரிபொருளை மாற்றி ஊற்றுவது. 1955-இல் வெளிவந்த ஸ்வேயா 123 என்னும் அடுப்பு, பம்ப் இன்றித் தன் சூட்டாலேயே அழுத்தம் உண்டாக்கிக்கொள்ளும் வகையில் சிறு தொட்டியுடன் பெட்ரோலுக்கென்றே அமைக்கப்பட்டது; பம்ப் அடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பில் அதே பெட்ரோலை ஊற்றுவது உயிருக்கே உலை வைக்கும். இரண்டும் பித்தளையால் ஆனவை, இரண்டும் இரைந்து எரிபவை என்ற அளவிலேயே ஒருவரின் அறிவு நின்றுவிட்டால், அவர் அக்கருவியை விரும்புகிறார் என்பதை எவ்வாறு ஏற்பது?

புதிய பொருள்கள் அனைத்தும் தாழ்ந்தவை என்று இத்தொழிலில் உள்ளோர் கருதுவதில்லை. எரிவாயுக் குடுவை அடுப்பு எடையில் குறைவு, பற்றவைக்க எளிது. முதியோரும் இன்று நெடுந்தொலைவு நடக்க முடிவதற்கு இலகுவான பைகள் துணைசெய்கின்றன. ஆனால் திறக்க முடியாதபடி ஒட்டப்பட்டு, உறுப்புகள் தனியே விற்கப்படாமல், கெட்டதும் எறியப்படுவதற்கென்றே அமைந்த கருவி, தன்னைப் பயன்படுத்துவோரிடம் எந்த அறிவையும் கோருவதில்லை. பழுதுநீக்கும் கடைகள் குறைந்தமைக்கும், பழகிய கைகளுக்குப் பின் பழக வருவோர் இல்லாமைக்கும் இதுவே வேர்க்காரணம். தமிழ்நாட்டு ஊர்களில் தெருத்தெருவாக வந்து பின் குத்தி, வாஷர் மாற்றிக் கொடுத்த ஸ்டவ் ரிப்பேர்காரர்கள் மறைந்தபோது அவர்களுடைய கைத்திறனை எவரும் பதிவுசெய்து வைக்கவில்லை.

ஆகவே பழைய கருவியைப் போற்றுவதாகச் சொல்வோரிடம் இத்தொழில் எதிர்பார்ப்பது மிகச் சிலவே. மெருகுப்பசையை விலக்கி, உலர்ந்த துணியால் துடைப்பது போதும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் வாஷருக்கு எண்ணெயிட்டு, கசிவு சோதித்து, திறந்த வெளியில் அடுப்பை எரிக்க வேண்டும்; காலணியை அணிந்து நடக்க வேண்டும்; பையில் சுமை ஏற்ற வேண்டும். கழற்றிய வால்வையும் வெட்டிய தக்கையையும் அருகில் இருக்கும் இளையவர் ஒருவரிடம் கொடுத்து, பூட்டச் சொல்லிப் பழக்க வேண்டும். இவற்றைச் செய்ய மனமில்லாதவர் அக்கருவியை வைத்துக்கொள்வதைவிட, செய்ய முன்வரும் ஒருவருக்கு அளித்துவிடுவதே அதற்குச் செய்யும் மரியாதையாகும்.