காந்தத்துக்குத் தண்ணி ஆகாது

முதல் காந்தம் ஒன்பதாம் நாள் வாயைப் பிளந்தது.

என் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடிக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக ஒட்டியிருந்த ஜோடி அது. உள்ளே இருந்த காந்தத்தின் முதுகில் பணியாரம் அளவுக்கு ஒரு சிமெண்டுத் திட்டை ஒட்டியிருந்தேன். காலையில் பார்த்தால் திட்டு மணலில் கிடக்கிறது. காந்தம் கண்ணாடியில் பழுப்புக் கோடு வடித்துக்கொண்டு புட்டு மாதிரி உதிர்கிறது. மூன்று நத்தைகள் அசையவே இல்லை.

"உப்புத் தண்ணியில இரும்பப் போட்டா துருப் பிடிக்கும்னு படிக்காத எங்களுக்கே தெரியுமே" என்றார் அத்தை. பி.எஸ்சி. விலங்கியல் படித்த நான் வாயைத் திறக்கவில்லை.

நான் ஏமாந்தது அதன் பளபளப்பில். நியோடிமியம் காந்தம் வெள்ளிக்காசு போல மின்னும். மின்னுவது மேல்பூச்சு மட்டும்தான். பெரும்பாலும் நிக்கல், நடுவில் செம்பு, மறுபடி நிக்கல் என்று மூன்று அடுக்கு. உள்ளே இருப்பதில் பெரும்பங்கு இரும்பு. பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை போதும், உப்புநீர் புகுந்துவிடும்; துரு பருத்துப் பூச்சை உள்ளிருந்தே கிழிக்கும். கரைந்து வரும் செம்பு கொஞ்சமாக இருந்தாலும் நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சு. இத்தனைக்கும் மேலே நான் போட்டிருந்த நீர்புகா உறை என்ன தெரியுமா? சிவப்பு நகப்பூச்சு, இரண்டு கோட்.

பெரம்பலூரில் கடல்நீர்த் தொட்டி எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. போர் தண்ணீர் இங்கே அவ்வளவு கடினம். அதை ஆர்.ஓ.வில் வடித்து, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவை போட்டு, ஒரு இரவு காற்றோட்டி ஓடவிட்டால்தான் அது கடலாகும். வெட்டி வேலை என்பார்கள். என் பதில் கொஞ்சம் நீளமானது என்பதால் யாரிடமும் சொன்னதில்லை.

2004-ல் இளங்கலை முடித்தபோது பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் எம்.எஸ்சி. சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். அது வெள்ளாறு கடலில் சேரும் இடம். எங்கள் ஊர்ப்பக்கம் வடக்கு எல்லையாக ஓடுகிற அதே வெள்ளாறு. அப்பா விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொம்பளப் புள்ள கடக்கரையில போயி எங்க தங்கும்?" என்றார். கோபமாகக்கூட அல்ல, நிஜமாகவே தெரியாமல் கேட்பவர் போல. எட்டு மாதத்தில் கல்யாணம். ஆற்றுக்கு விடுதிப் பிரச்சினை இல்லை, போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அம்மா அப்போது ஒன்றும் பேசவில்லை. அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் தினக்கூலியாகப் பாண்டுச்சட்டி சுமந்தவர் அவர். எங்கள் வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கல் அங்கிருந்து வந்தது. தேனடை போலக் கண் கண்ணாக இருக்கும். அது பவளம் என்று எனக்குத் தெரிந்தது கல்லூரியில்தான். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இந்த மண்ணின் மேல் கடல் இருந்தது. காரையின் செம்மண் ஓடைகளில் இன்றும் கடலுயிர்களின் ஓடுகள் கிடக்கின்றன. பக்கத்துக் கல்லக்குடிச் சுண்ணாம்புப் பாறையில் ஒரு பகுதி, பவளமும் பாசியும் சேர்ந்து கட்டிய திட்டு. 2020-ல் குன்னம் அருகே மண் தோண்டும்போது உருண்டை உருண்டையாகக் கிடைத்து, டைனோசர் முட்டை என்று ஊரே கூடியது; வந்து பார்த்தவர்கள் அவை அம்மோனைட் சார்ந்த கடற்படிவங்கள் என்றார்கள். அம்மா சிரித்தார். "நத்தைக்கல்லுடி அது. நாங்க எவ்வளவு அள்ளிக் கொட்டியிருக்கோம்."

அந்தக் கடலை அரைத்துத்தான் சிமெண்டு மூட்டை போகிறது. அள்ளிக் கொட்டிய பெண்களின் பெயர் எந்த மூட்டையிலும் இல்லை.

தொட்டிக்கு வருகிறேன். வெளிநாட்டில் இப்படிக் காந்தத் திட்டு செய்கிறவர்கள் அதன்மேல் பவளத் துண்டை ஒட்டுகிறார்கள். பாறையைக் கலைக்காமல், வெளிச்சம் வேண்டிய உயரத்துக்கு நகர்த்தலாம் என்பதுதான் வசதி. இங்கே அது முடியாது, முடியவும் கூடாது. திட்டுக் கட்டும் கல்பவளம் எல்லாமே 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலியோடும் யானையோடும் சேர்ந்து இருக்கிறது. கடல்விசிறியும் அப்படியே. "பவளத் தட்டு செய்யுற, பவளம் வெக்க மாட்டேங்கிற" என்று கணவர் கேலி செய்வார். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தைத் தோண்டித் தோண்டியே பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் அழிந்த இடங்களில் பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகையில் கட்டிக் கடலடியில் வைத்து வளர்க்கிறார்கள். பவளத்துக்குத் தட்டு செய்வதென்றால் எனக்கு அதுதான் தட்டு. என் வரவேற்பறையில் அதற்கு வேலையில்லை.

அதனால் என் திட்டுகளில் இருப்பது கடல்திராட்சைப் பாசி. சென்னையில் தொட்டி வைத்திருக்கும் ஒரு தோழி கொடுத்த ஒரு கொத்து. கொடி ஓடி, வேர்போன்ற இழைகளால் சிமெண்டைப் பற்றிக்கொள்கிறது. பாசி என்றால் எனக்கு ராமநாதபுரத்துப் பெண்கள் நினைவு வரும். கைவிரல்களில் துணி சுற்றி, காலில் தகட்டைக் கட்டித் துடுப்பாக்கி, மூச்சை அடக்கி இறங்குகிறவர்கள். 1986-ல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டு, பின்னாளில் தடை இறுகியபோது பிழைப்புக்காகப் பேச வேண்டி வந்தவர்கள். அவர்களில் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி விருது கிடைத்தது. அந்தத் தகட்டுத் துடுப்பை யாரும் கண்டுபிடிப்பு என்று எழுதிப் பார்த்ததில்லை நான்.

இரண்டாம் சுற்றுக்கு எபாக்ஸி வாங்கப் போனேன். கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார். "சார் வரலையாம்மா? வரச் சொல்லுங்க, கலக்குற அளவ சொல்லித் தரேன்." டப்பாவிலேயே அளவு எழுதியிருந்தது. இருபது வருடமாக இட்லிக்கு நாலுக்கு ஒன்று அளந்துபோடுகிறவள் நான். சமையலறைத் தராசில் கிராம் பிசகாமல் நிறுத்தேன். இந்த அளவு பிசகினால் எபாக்ஸி எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

செய்ய நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் இரண்டு காந்தத்தையும் ஒட்டவிட்டு, எந்த முகம் எதைப் பார்க்கிறது என்று குறி போடுங்கள். உறைக்குள் போனபின் தெரியாது. ஒன்றைத் தலைகீழாகப் புதைத்துவிட்டு, கண்ணாடியருகே கொண்டுபோனால் துள்ளி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ரப்பர் ஜெல்லி அச்சில் இரண்டு மில்லிமீட்டர் எபாக்ஸி ஊற்றி, பாதி இறுகியதும் எண்ணெய்ப்பசை போகத் துடைத்த காந்தத்தை நடுவில் வைத்து, நாலாபுறமும் மூடும்வரை மறுபடி ஊற்ற வேண்டும். காந்தம் எங்கேயும் அச்சின் ஓரத்தைத் தொடக்கூடாது. தொட்ட இடம்தான் துருவுக்கு வாசல். கண்ணாடிப் பக்கத்தில் உறை தடித்துவிட்டால் பிடி சட்டென்று விழுந்துவிடும். என் கண்ணாடி 8 மில்லிமீட்டர், அதற்கே கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. காந்தத்தை அடுப்போரம் வைக்காதீர்கள், 80 டிகிரியைத் தாண்டினால் சாதாரண வகை பலம் இழக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அலமாரியில் பூட்டி வையுங்கள்; இரண்டை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து நசுக்கும்.

பிறகு ஊறுகாய் ஜாடியில் உப்புநீர் ஊற்றி ஒரு மாதம் போட்டு வைத்தேன். பொறுமையில்லாமல் தினம் பார்த்தேன். ஆறில் ஒன்றில் மட்டும் மிளகு அளவு பழுப்புப் புள்ளி. அதைத் தூக்கிப் போட்டேன்.

சிமெண்டுத் திட்டில்தான் அடுத்த தோல்வி. பழைய பணியாரக்கல்லில் தேங்காய் எண்ணெய் தடவி வார்த்தேன், அழகாகக் கழன்று வந்தது. ஆனால் தண்ணீரில் போட்டதும் காரம் ஏறியது. அம்மா வந்திருந்தார். ஒன்றைக் கையில் எடுத்து நகத்தால் சுரண்டி, "பச்சையா இருக்கே, தண்ணி காட்டலையா?" என்றார். சுரங்கத்தில் வேலை நின்றபிறகு சித்தாள் வேலைக்குப் போனவர். அவர் சொன்னது கெட்டிப்படுவதற்கு. எனக்குத் தேவை சுண்ணாம்பின் காரம் வெளியேறுவது. ஆனால் வழி ஒன்றுதான். வாளியில் ஊறப்போட்டு, அவர் இருந்த மூன்று வாரமும் தண்ணீர் மாற்றியது அவர்தான். கேட்காமலே செய்தார். ஊருக்குக் கிளம்பும்முன், "அன்னைக்கு நான் ஒரு வார்த்த பேசியிருக்கலாம்" என்றார். எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

கதவுக்கு முட்டுக்கொடுத்த கல் இப்போது தொட்டியின் அடியில் இருக்கிறது. அதையும் காந்தத்தில் தொங்கவிட ஆசைதான், ஆனால் எந்தக் காந்தமும் தாங்காத எடை. மேலே ஐந்து திட்டுகளில் பாசி. மண்டபத்தில் குஞ்சு பொரிக்க வைத்து வளர்ப்பது போலப் பண்ணையில் பிறந்த நீமோ மீன் இரண்டு.

திருச்சியில் மீன் கடை வைத்திருப்பவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். திட்டை வெளியிலிருந்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "சார் கைவேலை பிரமாதம்ங்க, இருவது பீஸ் வேணும்" என்றார். கணவர் சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை. நான் காபி டம்ளரோடு நின்றிருந்தேன். அன்றிரவு கேட்டதற்கு, "அதுல என்ன இருக்கு, காசு வீட்டுக்குத்தானே வருது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதும்போது அந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றுகிறது என்பதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இருபதையும் செய்தேன். ஒவ்வொன்றிலும் முகக்குறியாக ஒரு சிவப்புப் புள்ளி, அந்த நகப்பூச்சுப் பாட்டிலிலிருந்துதான். பத்தாவதை வார்க்கும்போது போன் வந்தது. கடைக்காரர். "சார்கிட்ட கொடுங்க மேடம், சைஸ் பத்திப் பேசணும்."

"சாருக்கு சைஸ் தெரியாதுங்க. நான்தான் செய்யுறேன். இப்ப எபாக்ஸி கலந்துட்டேன், இருவது நிமிஷத்துல இறுகிடும். அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்தேன்.