மாத அறிக்கையில் விடுபட்ட கணக்கு

ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் நமது தோட்டத்து ஆபீசுக்கு ஒரு தாள் வந்து சேர்கின்றது. நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் வெளியிடும் மாத அறிக்கை அது. பள்ளிச் சீர்திருத்தம், சமூகப் பணிகள் என்னும் இரு தலைப்புக்களில் அம்மாதம் நடந்தவை யாவும் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். மலாயும் ஆங்கிலமும் உண்டு, தமிழ் இல்லை. ஆதலின், சம்பள நாள் மாலையில் அதனைத் தமிழ்ப்படுத்தி நம் மக்களுக்கு வாசித்துக் காட்டும் வேலை, கிராணி என்ற முறையில் நம்மிடம் வந்து சேர்ந்தது. நான்கு ஆண்டுகளாக அதனைச் செய்து வருகின்றோம்.

அறிக்கையை இகழ்வது நம் நோக்கமன்று. வாக்குக் கேட்க வந்த முகத்தை மறு தேர்தலில்தான் காணலாம் என்றிருந்த நிலையை நம் பெரியோர் கண்டிருக்கின்றனர். மாதந்தோறும் கணக்குச் சொல்ல ஒருவர் முன்வந்திருப்பது நன்றே. சென்ற மாதத் தாளில், பட்டணத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்குக் கணினிகள் வழங்கியது, இரண்டு பள்ளிகளுக்குச் சாயம் பூசியது, ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பைகள் கொடுத்தது, இரத்ததான முகாம், கோத்தோங் ரோயோங் ஆகிய அனைத்தும் இருந்தன. தோட்டப் பள்ளிகளின் சீரமைப்பு பரிசீலனையில் உள்ளது என்று கடைசியில் ஒரு வரியும் இருந்தது. படங்கள் பதினொன்று. எல்லாவற்றிலும் உறுப்பினர் நடுவில் நிற்கின்றார். பிள்ளைகள் ஓரத்தில் வெயிலுக்குக் கண்களைச் சுருக்கிக்கொண்டு நிற்கின்றனர்.

செக்ரோல் எழுதிப் பழகிய கைக்கு ஒரு குணம் உண்டு. எந்தத் தாளைக் கண்டாலும், எத்தனை பேர் வேலைக்கு வந்தனர், எத்தனை குலை வெட்டினர், எத்தனை டன் ஆலைக்குப் போயிற்று என்றே அது தேடும். காலைப் பிரட்டில் பேர் கூப்பிடாமல், ‘இன்று வேலை சிறப்பாக நடைபெற்றது’ என்று மட்டும் எழுதி மானேஜரிடம் நீட்டும் கிராணிக்கு அந்த நாற்காலி நிலைக்குமா? ஆயினும் பள்ளிக்கூட விஷயத்தில் அத்தகைய கணக்கையே நாம் மாதந்தோறும் பெற்றுக்கொண்டு கைதட்டுகின்றோம். எத்தனை பள்ளிக்குச் சாயம் பூசினர் என்பது அறிக்கையில் இருக்கின்றது. எத்தனை பிள்ளைகள் படிக்கின்றனர் என்பது இல்லை.

இக்கணக்கின் அருமையை உணரப் பழைய செய்திகளைச் சிறிது நினைவுகூர வேண்டும். 1923ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களில் வந்த தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று முதலாளிக்கு விதித்தது. அங்ஙனம் ஏற்பட்ட பள்ளிகள் பல. அவற்றுள் கொட்டகை எத்தனை, பள்ளிக்கூடம் எத்தனை என்பது வேறு கேள்வி. 1951இல் பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாகத் தேசியப் பள்ளிகளே போதும் என்றது. 1956இல் ரசாக் அறிக்கை தமிழ்த் தொடக்கப்பள்ளிகளுக்கு நாட்டின் கல்வி அமைப்பில் இடம் தந்தது. 1957இல் நாட்டிலிருந்த தமிழ்ப்பள்ளிகள் 888. இன்று எஞ்சியுள்ளவை ஏறத்தாழ 530. சிறு பள்ளிகள் சில ஒன்றுசேர்ந்ததும் உண்மை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நம் மக்கள் பட்டணம் சென்றபோது, ஆளில்லாமல் பூட்டப்பட்டவை பல என்பதும் உண்மை.

நமது தோட்டத்துப் பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகள் படிக்கின்றனர். 150 பேருக்குக் குறைந்தாலே அரசாங்கத்தின் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. முப்பதுக்கும் குறைந்தால் இரண்டு ஆண்டுகளை ஒன்றாக்கிக் கூட்டு வகுப்பு நடத்த வேண்டும். நிலம் கம்பெனியுடையது. ஆதலின் இது பகுதி உதவி பெறும் பள்ளி: ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது, கட்டடத்தின் பாரம் பெரும்பாலும் பள்ளி வாரியத்தின் தலைமீது. லயங்களில் இன்று தமிழ்க் குடும்பங்கள் சிலவே. மற்ற வீடுகளில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் இருக்கின்றனர். பள்ளியின் உரிமத்தைப் பட்டணத்துப் புதுக் குடியிருப்புக்கு மாற்றினால் பிள்ளைகள் பெருகுவர்; அவ்வாறு மாறித் தழைத்த பள்ளிகள் இந்நாட்டில் உண்டு. ஆனால் இங்குள்ள பத்தொன்பது பேரை யார் ஏற்றிச் செல்வது? ‘பரிசீலனையில் உள்ளது’ என்னும் அந்த ஒரு வரிக்குள் இவ்வளவும் அடங்கிக் கிடக்கின்றது.

சென்ற சம்பள நாள் மாலையில் தாளை வாசித்து முடித்தபின், நாம் சற்று மிடுக்குடன், “எல்லாம் இருக்கிறது, பிள்ளைகளின் கணக்குத்தான் இல்லை” என்று கூறினோம். கூட்டம் தலையசைத்தது. உதிரிப் பழம் பொறுக்கும் மூதாட்டி ஒருவர் மட்டும் தலையசைக்கவில்லை. அவருடைய பேரன் மூன்றாம் ஆண்டில் படிக்கின்றான். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “கிராணி ஐயா, அந்தக் கணக்குலே உங்க பொண்ணு இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

நமக்கு விடை எழவில்லை. ஏனெனில், அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேரவேண்டிய எம் மகளுக்காகப் பட்டணத்துத் தேசியப் பள்ளியின் பெயரை மனத்தில் குறித்துவைத்திருந்தோம். துணைவியார் தமிழ்ப்பள்ளியைப் பற்றி இருமுறை பேச்செடுத்தார். இருமுறையும் ஆபீஸ் வேலையைக் காட்டித் தப்பித்துக்கொண்டோம்.

வாசகர் நம்மை விளங்கிக்கொள்ளும்பொருட்டு ஒன்று சொல்லுகின்றோம். நாம் ஜொகூர் பாருவில் வளர்ந்தோம். தந்தையார் சிங்கப்பூரில் வேலை பார்த்தமையால், விடியுமுன் எழுந்து, அரைத் தூக்கத்தில் பஸ்ஸேறிக் கடற்பாலத்தைக் கடந்து, அங்கே ஆங்கிலத்தின் வாயிலாகக் கற்றோம். தமிழ், வாரத்தில் சில பாட நேரமே. இன்று எழுதும் தமிழ் பின்னாளில் நாமே தேடிக்கொண்டது. ஆங்கிலம் நமக்கு இந்த நாற்காலியைத் தந்தது. அதனுடன் ஓர் அச்சத்தையும் தந்தது. தமிழ்ப்பள்ளியில் பயின்ற பிள்ளை பின்தங்கிவிடும். மலாயில் தேறாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழிக்கும் என்பதே அவ்வச்சம். மேடையில் தமிழை வாழ்த்திவிட்டு, வீட்டுக்குள் அதனை நம்பாதிருக்கும் படித்தவர் கூட்டத்தில் நாமும் ஒருவராய் இருந்தோம்.

மறுநாள் பள்ளிக்குச் சென்றோம். ஆபீசிலிருந்து கால் மைல் தூரம். நான்கு ஆண்டுகளில் உள்ளே நுழைந்தது அதுவே முதன்முறை. ஒரே அறையில் இரண்டு பலகைகள். ஆசிரியை ஒருவர், ஒரு பக்கம் இரண்டாம் ஆண்டுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு, மறுபக்கம் மூன்றாம் ஆண்டுக்கு வாசிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். மூதாட்டியின் பேரன் எழுந்து தமிழில் ஒரு பத்தியும் மலாயில் ஒரு பத்தியும் தடையின்றி வாசித்தான். கூரையின் ஒரு மூலையில் ஒழுக்குக்கு வாளி வைத்திருந்தனர். தலைமையாசிரியை எதனையும் மறைக்கவில்லை. “ஒவ்வொரு பிள்ளையின் கையெழுத்தும் எங்களுக்குத் தெரியும், ஐயா, அது எங்கள் பலம். ஆனால் பந்தாட இரண்டு அணி சேராது, போட்டிபோட்டுப் படிக்கத் தோழர்கள் போதாது” என்றார். நாம் அஞ்சியவற்றுள் பாதி உண்மை. மறுபாதி, வந்து பாராமல் நாமே கட்டிக்கொண்டது.

அன்றிரவே உறுப்பினருக்குக் கடிதம் எழுதினோம். அறிக்கையில் நான்கு கணக்குகளைச் சேர்க்குமாறு கேட்டோம். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் பிள்ளைகள் எத்தனை பேர், சென்ற ஆண்டில் எத்தனை பேர்? ஆசிரியர் இடங்கள் எத்தனை காலி? ஆறாம் ஆண்டை முடித்தவர்களுள் புகுமுக வகுப்புக்குப் போகாமல் நேரே முதலாம் படிவம் சென்றவர் எத்தனை பேர்? பள்ளி நிலம் யார் பெயரில் உள்ளது, அதனைப் பெறக் கடைசியாகப் பேசியது எந்நாள்? இவற்றைத் தமிழிலும் அச்சிடுமாறு வேண்டினோம்.

விடையை நாம் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவருடைய உதவியாளர் தொலைபேசியில் அழைத்தார். “சாயம் பூசச் சொல்லியும் பை கேட்டும் கடிதங்கள் வருகின்றன, கணக்குக் கேட்டு இதுவரை ஒருவரும் எழுதியதில்லை” என்றார். அதில் நமக்கும் ஒரு குட்டு இருந்தது. கேட்டதைத்தானே அவர்கள் கொடுத்து வந்திருக்கின்றனர்!

இம்மாத அறிக்கை வந்துவிட்டது. பின்பக்கத்தில் அரைப்பக்கம் தமிழ். பிழைகள் சில உண்டு. தொகுதியின் தமிழ்ப்பள்ளிகளுக்குப் பிள்ளைகள் கணக்கு மட்டும் இருக்கின்றது. மற்ற மூன்றும் இல்லை. எமது பள்ளிக்கு நேரே 19 என்று அச்சாகியிருக்கின்றது. பள்ளி வாரியமும் கம்பெனியும் நிலத்தைப் பற்றிப் பேச இன்னும் நாள் குறிக்கப்படவில்லை. அதற்கு மேலும் கடிதங்கள் எழுத வேண்டியிருக்கும், எழுதுவோம். பள்ளி மாறுமாயின் இங்குள்ள பிள்ளைகளுக்கு பஸ் முதலில் உறுதியாக வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

எம் மகளைத் தோட்டத்துப் பள்ளியிலேயே பதிவு செய்துவிட்டோம். அச்சம் முற்றும் அகன்றதென்று பொய் சொல்ல மாட்டோம். கூரை ஒழுகுவது நிற்கவில்லை. கூட்டு வகுப்பும் அப்படியே இருக்கின்றது. மாலையில் அவளுடன் உட்கார்ந்து மலாயும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்பது இனி நம் கடமை. ஆபீஸ் வேலை என்ற சாக்கு அதற்குச் செல்லாது.

தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள தோழர்களே! உங்கள் பிரதிநிதியும் ஏதேனும் அறிக்கை வெளியிடுவார். படத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். பிள்ளைகளின் கணக்கு எங்கே என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். எழுதத் தெரியாதவர் உங்கள் கிராணியிடம் சொல்லுங்கள். எழுதிக்கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. ஆனால் பேனாவை எடுக்குமுன், அந்த மூதாட்டி நம்மிடம் கேட்ட கேள்வியை அவரிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.