வைப்பர் வாங்கிய கதை

குடை வாங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. வெயில் நாளிலேயே வாங்கி வீட்டு மூலையில் சாத்தி வைக்கிறவர்கள் ஒரு ரகம். மழையில் நனைந்துகொண்டே கடைக்கு ஓடி, கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்து வாங்குகிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகம். குடை விஷயத்தில் இதனால் எனக்குப் பெரிய நஷ்டம் எதுவும் வந்துவிடவில்லை. தலை நனைந்தது, துவட்டிக்கொண்டேன். கார் விஷயத்தில் அப்படி இருக்கக் கூடாது என்பதை ஒரு கார்த்திகை மாதத்து ராத்திரியில்தான் தெரிந்துகொண்டேன்.

என்னுடைய கார் ஏற்கெனவே ஒருவர் ஓட்டி அலுத்துப்போய் விற்றது. கும்பகோணத்தில் எங்கள் தெருவில் அதற்கு நிழல் கிடையாது. வருஷம் முழுவதும் வெயிலில் நிற்கும். மாதத்தில் நாலைந்து நாள்தான் ஓடும். ஆவணியில் ஒரு நாள் தூறல் போட்டபோது வைப்பரைப் போட்டேன். பூனையின் வாலை மிதித்தாற்போல ஒரு சத்தம். கண்ணாடியில் நாலைந்து கோடுகள் விழுந்தன.

"ரப்பர் போயிட்டாப்போல இருக்கு. புதுசு மாத்திடுங்களேன்" என்றாள் மனைவி.

"மழைக்காலம் வரட்டும். இப்ப என்ன அவசரம்?" என்றேன்.

புரட்டாசி போயிற்று. ஐப்பசியும் போயிற்று. அந்த வருஷம் மழை பெய்ததெல்லாம் நான் வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்தான். வைப்பர் ஞாபகமே வரவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் மாலை ஏழு மணிக்குச் சித்தியிடமிருந்து போன் வந்தது. சித்தப்பாவுக்கு மார்பை அடைக்கிறதாம். 108-க்குச் சொல்லலாம் என்றால், "வெறும் வாயு, தெருவைக் கூட்டாதே" என்று சண்டை பிடிக்கிறாராம். காரில் ஏற்றினால் ஒருவேளை வருவார் என்றாள். போய் ஏற்றினோம். பக்கத்து டாக்டர் பார்த்துவிட்டு, தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். நாற்பது கிலோமீட்டர். தாராசுரம் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அந்த மழையைப் பற்றிக் காவேரிக் கரைக்காரர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. வைப்பரைப் போட்டேன். என் எதிரே இருந்த பிளேடு கண்ணாடியைத் துடைக்கவில்லை; மெழுகியது. ஒரு தடவை போய்த் திரும்புவதற்குள் கண்ணாடி முழுவதும் மோர் கொட்டினாற்போல ஒரு படலம். எதிரே லாரி வரும்போதெல்லாம் அந்தப் படலம் பூராவும் வெளிச்சமாகிவிடும். லாரி, ரோடு, புளியமரம் எதுவும் தெரியாது. பின் சீட்டில் சித்தி முணுமுணுவென்று சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமலிருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. வேகமாகப் போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது, போக முடியவில்லை.

பாபநாசம் தாண்டி ஒரு லாரி எங்களைக் கடந்தது. கண்ணாடி வெள்ளையாகி, மறுபடி கறுப்பானபோது, எனக்கு நேர் முன்னால் ஒரு சைக்கிள். பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றுவிட்டது. ஆனால் நிற்பதற்கு முன்னால் சைக்கிளின் பின் சக்கரத்தைத் தொட்டுவிட்டது. தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் ரோட்டோரச் சேற்றில் சாய்ந்தார்.

கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். அதற்குள் அவரே எழுந்துவிட்டார். அறுபது வயசு இருக்கும். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கேரியரில் கட்டியிருந்த வாழையிலைக் கட்டைத்தான் தடவிப் பார்த்தார்.

"இலை கிழிஞ்சிருக்கா பாருங்க" என்றார்.

என்னால் பதில் பேச முடியவில்லை. பையிலிருந்த பணத்தை அப்படியே எடுத்து நீட்டினேன். கட்டில் கெட்டுப்போன இலைக்கு எவ்வளவு ஆகுமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கா?"

"ஆமாம் ஐயா."

"போங்க, போங்க. அந்தக் கண்ணாடிய ஒரு துணியால தொடச்சுட்டுப் போங்க."

மனைவியின் துண்டை வாங்கித் துடைத்தேன். அதன் பிறகு தஞ்சாவூர் வரையில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இறங்கித் துடைத்துக்கொண்டே போனோம். சித்தப்பாவை அங்கே ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இன்றைக்கும் அவர் அதை வாயு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஊருக்குத் திரும்பியதும் முதல் காரியமாக மெக்கானிக் பாயிடம் போனேன். "பாய், விலையைப் பற்றிக் கவலை இல்லை. ரொம்ப நாள் உழைக்கிற வைப்பர் பிளேடு எதுவோ அதைப் போடுங்கள்" என்றேன்.

அவர் பழைய பிளேடைக் கழற்றி, அதன் விளிம்பைக் கட்டை விரலால் நீவிக் காட்டினார். பொடிப் பொடியாக வெடித்திருந்தது. "உழைச்சா அண்ணே இது கெட்டுப்போச்சு? சும்மா கெடந்தே கெட்டுப்போச்சு" என்றார்.

வாஸ்தவம்தான். நம் பக்கத்து மழையெல்லாம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற கணக்கில் முடிந்துவிடுகிறது. மற்ற ஒன்பது மாதமும் பிளேடு கொதிக்கிற கண்ணாடியில் படுத்துக் கிடக்கிறது. வெயிலும் காற்றில் இருக்கிற ஓசோனும் ரப்பரை இறுக்கி வெடிக்க வைக்கின்றன. ஒரே பக்கமாக அழுந்திக் கிடப்பதால் விளிம்பு அந்தப் பக்கமே சாய்ந்து நின்றுவிடுகிறது. நல்ல பிளேடின் விளிம்பு போகும்போது ஒரு பக்கம் சாயும். திரும்பும்போது மறு பக்கம் புரண்டு கொடுக்கும். அந்தப் புரளலில்தான் துடைப்பு இருக்கிறது. இறுகிப்போன ரப்பர் புரளாது. குதித்துக் குதித்துக் கத்தும். நான் பூனையின் வால் என்று நினைத்த சத்தம் அதுதான்.

கடையில் மூன்று தினுசு எடுத்துக் காட்டினார்கள். ஒன்று பழைய மாதிரி. இரும்புச் சட்டமும் கொக்கிகளுமாக இருக்கும். இன்னொன்று சட்டமே இல்லாமல், ரப்பருக்குள் வளைந்த எஃகுப் பட்டை வைத்தது. கண்ணாடியின் வளைவுக்கு ஏற்ப ஒரே சீராக அழுந்தும். கொக்கி துருப்பிடிக்கிற தொந்தரவு இல்லை. மூன்றாவது, ரப்பருக்குப் பதில் சிலிக்கோன் வைத்தது. வெயிலை அதிகம் தாங்கும், விலையும் அதிகம். ஆனால் கண்ணாடியில் எண்ணெய்ப் பசை இருந்தால் அதுவும் மெழுகத்தான் செய்யும்.

"எண்ணெய்ப் பசை எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன்.

பாய் என் கண்ணாடியில் விரலை வைத்து இழுத்துக் காட்டினார். கறுப்பாக ஒட்டிக்கொண்டது. முன்னால் போகிற பஸ்ஸும் லாரியும் விடுகிற புகை, தார் ரோட்டிலிருந்து தெறிக்கிற தண்ணீர், மரத்துப் பிசின் எல்லாம் சேர்ந்து படிந்த படலம். இதைத் துடைக்காமல் எந்தப் பிளேடைப் போட்டாலும் பிரயோஜனமில்லை என்றார். அன்று ராத்திரி நான் கண்ட மோர்ப் படலத்தில் பாதிக் குற்றம் ரப்பருடையது. மீதிப் பாதி நான் கழுவாமல் விட்ட கண்ணாடியுடையது.

அவரிடம் இன்னும் சில விஷயங்கள் கற்றுக்கொண்டேன். ஒரே ஒரு கோடு விழுந்தால் விளிம்பில் மண் சிக்கியிருக்கும், அல்லது அந்த இடத்தில் கீறல் இருக்கும். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் புதுசு வாங்க வேண்டும். நடுவில் ஒரு பட்டை துடைபடாமலே நின்றால் சட்டமோ கையோ வளைந்திருக்கும். டிரைவர் பக்கத்துப் பிளேடும் மறு பக்கத்துப் பிளேடும் பல கார்களில் ஒரே நீளம் அல்ல. பழையதை அளந்துகொண்டு போக வேண்டும். பெரிதாக இருந்தால் நல்லது என்று வாங்கினால் இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும். காய்ந்த கண்ணாடியில் தூசியைத் தட்டுவதற்காக வைப்பரைப் போடக் கூடாது. அந்தத் தூசியே விளிம்பை அறுத்துவிடும். பிளேடைக் கழற்றும்போது கண்ணாடியின் மேல் ஒரு துணியை மடித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். வில்லின் வேகத்தில் வெறும் கை வந்து விழுந்தால் கண்ணாடியே விரிசல் விடும்.

கடைசியில் எஃகுப் பட்டை வைத்த ரப்பர் பிளேடுதான் வாங்கினேன். சிலிக்கோன் வாங்கியிருக்கலாம். வாங்கினால், "இது ரொம்ப நாள் உழைக்கும்" என்று நினைத்துக்கொண்டு மூன்று வருஷம் அதைத் திரும்பியே பார்க்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். என் சுபாவத்துக்கு வருஷாவருஷம் மாற்ற வேண்டிய சரக்குத்தான் ஏற்றது.

இதற்குப் பிறகு வைப்பரைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தேன். அதைக் கண்டுபிடித்துப் பேடண்டு வாங்கியவர்களில் முக்கியமானவர் மேரி ஆண்டர்ஸன் என்ற அமெரிக்கப் பெண்மணி. அலபாமாக்காரர். நியூயார்க்கில் ஒரு குளிர்காலத்தில் டிராம் வண்டியில் போனபோது, பனிமழையில் எதிரே தெரியாமல் டிரைவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டியதைப் பார்த்தார். உள்ளே இருந்தபடியே கையால் நெம்புகோலை இழுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஒரு சாதனம் செய்தார். 1903-ல் பேடண்டு கிடைத்தது. 1905-ல் கனடாவில் ஒரு கம்பெனிக்கு அதை விற்கப் பார்த்தார். இதற்கு வியாபார மதிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எல்லாக் காரிலும் வைப்பர் வர ஆரம்பித்ததற்குள் அவருடைய பேடண்டு காலாவதியாகிவிட்டது. அதனால் ஒரு காசுகூடப் பார்க்காமல் 1953-ல் இறந்துபோனார்.

இன்னொருவர் பஃபலோ நகரத்து ஜான் ஓஷை. 1917-ல் ஒரு மழை ராத்திரியில் கார் ஓட்டிப் போகும்போது, கண்ணாடி வழியே சரியாகத் தெரியாமல் ஒரு சைக்கிள்காரர்மேல் மோதிவிட்டார். அடிபட்டவருக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஆனாலும் ஓஷைக்கு மனசு ஆறவில்லை. வைப்பர் செய்வதற்கென்றே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பிற்காலத்தில் அது உலகம் முழுவதும் பெயர் பெற்ற டிரைக்கோ கம்பெனி ஆயிற்று.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவருக்கும் மழை ராத்திரி. அவருக்கும் ஒரு சைக்கிள். அவர் அதற்காக ஒரு கம்பெனி ஆரம்பித்தார். நான் செய்தது சில நூறு ரூபாய்க்கு இரண்டு பிளேடு வாங்கியதுதான். அதையும் ஆவணி மாதத்திலேயே வாங்கியிருக்கலாம்.

இப்போது பிளேடின் பட்டையில் வாங்கின தேதியை எழுதி வைத்திருக்கிறேன். புரட்டாசி பிறந்ததும் கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி வைப்பரைப் போட்டுப் பார்க்கிறேன். கோடு விழுந்தால் அன்றைக்கே பாயிடம் போகிறேன். தெருவில் போகிறவர்கள், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத நாளில் இந்த மனிதர் ஏன் வைப்பரை ஆட்டிக்கொண்டிருக்கிறார் என்று பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். சிரிக்கட்டும்.

தஞ்சாவூருக்குப் போகும்போதெல்லாம் பாபநாசம் தாண்டியதும் வேகத்தைக் குறைக்கிறேன். வாழையிலைக் கட்டு வைத்த சைக்கிள் எதையாவது கண்டால் ஆளின் முகத்தைப் பார்க்கிறேன். அவரை இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கி, முழங்கை ஆறிவிட்டதா என்று கேட்க வேண்டும். அன்று ராத்திரி அதைக் கேட்காமலே வந்துவிட்டேன்.